ஒரே குழந்தையிடம் இரு நிலைகள்: ஆட்டிசமும் கவனக் குறைவும்

பள்ளிக்குச் செல்லும் பிள்ளை ஓரிடத்தில் அமராமல் ஓடினால் அதனைக் குறும்பு என்கிறோம். சொன்னதைக் கேளாமல் தன் வழியிலேயே நின்றால் பிடிவாதம் என்கிறோம். எழுதத் தொடங்கியதை முடிக்காமல் விட்டால் சோம்பல் என்கிறோம். இம்மூன்று சொற்களும் நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் நெடுங்காலமாக வழங்கி வருகின்றன. பெரும்பாலான பிள்ளைகளிடம் இவை பருவத்தோடு வந்து பருவத்தோடு மறைபவை. ஒரு சில பிள்ளைகளுக்கோ இச்சொற்கள் சிறிதும் பொருந்தா. அவர்களுடைய மூளை வளர்ச்சியே வேறு வகையில் அமைந்துள்ளது. அதனை அறியாமல் அடித்தும் அதட்டியும் திருத்த முயல்வதால் பிள்ளையும் நோகிறது, பெற்றோரும் நோகின்றனர்.

அவ்வாறு அமைந்த நிலைகளுள் இரண்டினைப் பற்றி நாம் ஓரளவு கேள்விப்பட்டிருக்கிறோம். ஒன்று ஆட்டிசம். மற்றொன்று கவனக் குறைவு மிகை இயக்கக் குறைபாடு. இதனை மருத்துவர்கள் சுருக்கமாக ஏ.டி.எச்.டி. என்பர். இவ்விரண்டும் ஒரே குழந்தையிடம் சேர்ந்திருக்கக்கூடும் என்பது பலர் அறியாத செய்தி. அதனை அறிந்து கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இரு நிலைகளும் யாவை?

1902ஆம் ஆண்டில் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர், அறிவில் குறைவின்றியும் தம்மை அடக்கிக் கொள்ள இயலாத குழந்தைகளைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். ஏ.டி.எச்.டி. பற்றிய ஆய்வு வரலாற்றில் இவை தொடக்க காலச் சான்றாகக் கருதப்படுகின்றன. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளின் இயல்புகளை விரித்தெழுதி, ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக மருத்துவ உலகிற்கு அறிமுகப்படுத்தினார்.

ஆட்டிசம் உடைய குழந்தைக்குப் பிறருடன் உறவாடுவதிலும் கருத்தைப் பரிமாறிக் கொள்வதிலும் இடர்ப்பாடு இருக்கும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாமை, கேலியையும் உவமையையும் சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளுதல், பிற பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடத் தெரியாமல் ஒதுங்குதல் முதலியன அதன் அடையாளங்கள். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தலும், வழக்கம் மாறினால் பெரிதும் கலங்குதலும் உண்டு. பள்ளி மணியோசை, குக்கர் ஒலி, சட்டையின் கழுத்துப்பட்டி உரசுதல் போன்ற சிறு செய்திகள் கூட அக்குழந்தைக்குத் தாங்கொணாத் துன்பம் தரலாம்.

ஏ.டி.எச்.டி. உடைய குழந்தைக்கு இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. கவனத்தை ஒன்றில் நிறுத்தி வைத்தல், உடலை ஓய்வாக வைத்திருத்தல், செய்யுமுன் சற்றே நிற்றல் ஆகிய மூன்றில் சிலவோ எல்லாமோ அதற்குக் கடினம். இவ்வடையாளங்கள் 12 வயதிற்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். 6 மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் காணப்பட வேண்டும். வீட்டில் மட்டும் ஓடுகிற பிள்ளையையோ, ஒரே ஒரு வகுப்பில் மட்டும் அடங்காத பிள்ளையையோ கொண்டு இம்முடிவுக்கு வருதல் கூடாது.

இவை தாயின் வளர்ப்பால் வருவன அல்ல. தாயின் அன்புக் குறைவே ஆட்டிசத்திற்குக் காரணம் என்னும் கொடிய கருத்து ஒரு காலத்தில் மேலை நாடுகளில் பரவியிருந்தது. ஆட்டிசம் உடைய மகனுக்குத் தந்தையான பெர்னார்டு ரிம்லாண்ட் என்னும் உளவியலார் 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதனை மறுத்தார். தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று 1998ஆம் ஆண்டில் கிளம்பிய கூற்றும் நிலைக்கவில்லை. அதற்கு வித்திட்ட கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010ஆம் ஆண்டில் அதனைத் திரும்பப் பெற்றுக் கொண்டது. இரு நிலைகளிலும் மரபுக் கூறுகளுக்குப் பெரும் பங்குண்டு என்பதும், அக்கூறுகளுள் சில இரண்டிற்கும் பொதுவானவை என்பதும் ஆய்வுகள் காட்டும் உண்மைகளாகும்.

ஒன்றை மற்றொன்று மறைக்கும் விதம்

இரு நிலைகளும் வெவ்வேறானவை எனினும் வெளியே தெரியும் செயல் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்கிறார், பிள்ளை திரும்பவில்லை. கவனம் சன்னலுக்கு வெளியே போயிருக்கலாம். அல்லது அழைப்புக்கு மறுமொழி தர வேண்டும் என்னும் உணர்வே அப்பிள்ளைக்கு இயல்பாக எழாதிருக்கலாம். வகுப்பின் நடுவே எழுந்து ஓடுகிறான். உடல் ஓய்ந்திருக்க இயலாமல் ஓடலாம். நாற்பது பிள்ளைகளின் இரைச்சல் தாங்காமலும் ஓடலாம். பிறர் பேசும்போது குறுக்கிடுகிறான். பொறுக்க முடியாமல் குறுக்கிடலாம். தன் முறை எப்போது வரும் என்பதை முகக்குறிப்பால் அறிய இயலாமலும் குறுக்கிடலாம்.

ஆகவே செயலை மட்டும் கண்டு பெயரிடுதல் தவறு. அச்செயலுக்கு முன்னே என்ன நிகழ்ந்தது, பின்னே என்ன நிகழ்ந்தது, எந்நேரத்தில், எவ்விடத்தில் என்பவற்றையும் சேர்த்துக் காண வேண்டும்.

இரண்டும் சேர்ந்திருக்கும் பிள்ளையிடம் ஒன்றுக்கொன்று முரணான இயல்புகள் தோன்றும். நாள்தோறும் ஒரே வழக்கம் வேண்டும் என்று அழும். அவ்வழக்கத்திலேயே விரைவில் சலிப்பும் அடையும். பிறர் எழுப்பும் ஓசை தாங்காமல் காதைப் பொத்திக் கொள்ளும். தானே ஓயாமல் ஓசை எழுப்பும். தன் பென்சில்களை நிறவாரியாக அடுக்கி வைக்கும். மறுநாள் பென்சில் பெட்டியையே தொலைத்து வரும். காண்போர், "இவனுக்கு வேண்டும்போது எல்லாம் முடிகிறது, வேண்டாதபோது நடிக்கிறான்" என்பர். நடிப்பு ஏதுமில்லை. இரு வேறு தேவைகள் ஒரே உள்ளத்தில் ஒன்றோடொன்று போராடுகின்றன.

பெண் குழந்தைகளிடம் இம்மறைவு இன்னும் மிகுதி. தோழியர் செய்வதைப் பார்த்து அவ்வாறே செய்து தம் இடர்ப்பாட்டை மறைத்துக் கொள்ளும் சிறுமியர் பலர். பள்ளியில் அமைதியாக இருந்து, வீடு திரும்பியதும் அடக்கி வைத்த அத்தனையும் அழுகையாக வெடிப்பதைத் தாய்மார் மட்டுமே காண்கின்றனர்.

மருத்துவ நூலின் விதி மாறிய கதை

மருத்துவ உலகமே இவ்வுண்மையை நெடுநாள் ஏற்கவில்லை. உலகெங்கும் மனநல மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கக் கையேட்டின் 1994ஆம் ஆண்டுப் பதிப்பு, ஆட்டிசம் உடைய குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. என்றும் சேர்த்துக் கூறுதல் கூடாதென விதித்திருந்தது. 2013ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு அத்தடையை நீக்கியது. உலக நலவாழ்வு அமைப்பின் நோய் வகைப்பாட்டில் 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் திருத்தமும் இரண்டையும் சேர்த்துக் கூற இடமளிக்கிறது. எனவே 2013க்கு முன் எழுதப்பட்ட ஓர் அறிக்கையில் ஒரு நிலை மட்டும் குறிக்கப்பட்டிருப்பின், மற்றது இல்லை என்று அதற்குப் பொருளாகாது. அக்காலத்தில் பள்ளி சென்று இன்று இளைஞராக உள்ளோர்க்கும் இது பொருந்தும்.

இங்கிலாந்தில் 10 முதல் 14 வயது வரையுள்ள ஆட்டிசம் உடைய பிள்ளைகள் 112 பேரிடம் நடத்தி 2008ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், 28 விழுக்காட்டினர்க்கு ஏ.டி.எச்.டி.யும் இருந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டு 2019ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றொரு கட்டுரையும் ஏறத்தாழ இதே அளவையே கூறிற்று. நான்கு பேரில் ஒருவர்க்கு மேல் என்பது சிறு எண்ணிக்கை அன்று.

நம் நாட்டிலும் சான்றுண்டு. பல்வால், காங்ரா, தேன்கனால், வட கோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து பகுதிகளில் 2 முதல் 9 வயது வரையுள்ள 3,964 குழந்தைகளை ஆராய்ந்த இன்கிளென் ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நரம்பு வளர்ச்சி சார்ந்த குறைபாடுகள் நம் குழந்தைகளிடம் அரியவை அல்ல என்பதையும், அவை உடைய குழந்தைகளுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் இருந்தன என்பதையும் அது காட்டிற்று.

முதலில் இடப்பட்ட பெயரோடு தேடல் நின்று போவதால் விளையும் இழப்பு யாது? அமெரிக்காவில் 1,496 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. முதலில் ஏ.டி.எச்.டி. என்று கூறப்பட்ட குழந்தைகளுக்கு ஆட்டிசமும் உள்ளது என்பது, மற்ற ஆட்டிசக் குழந்தைகளைக் காட்டிலும் சராசரியாக 3 ஆண்டுகள் கழித்தே தெரிய வந்தது. பேச்சும் பழக்கமும் உருப்பெறும் இளம் பருவத்தில் மூன்றாண்டுகள் என்பது எத்துணைப் பெரிய காலம்!

சோலூரில் வாழும் ஒரு குழந்தை

இனி, இவ்வுண்மைகளை ஓர் ஊரில் வைத்துப் பார்ப்போம். நீலகிரி மாவட்டத்தில் உதகையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் சோலூர் என்னும் பேரூராட்சி உள்ளது. தேயிலைத் தோட்டங்களும் காய்கறி நிலங்களும் சூழ்ந்த ஊர். படகர் ஊர்களும், சோலூர் கோக்கால் என்னும் கோத்தர் ஊரும், தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் இப்பகுதியில் உண்டு. ஒரு பிள்ளை வீட்டில் படகு மொழியும், தெருவில் தமிழும், பள்ளியில் ஆங்கிலமும் கேட்டு வளர்வது இங்கே இயல்பு. பணி நிமித்தமாகச் சமவெளியை விட்டு இத்தகைய மலையூர்களுக்குச் சென்று வாழும் குடும்பங்களின் பிள்ளைகளும் இவ்வகைச் சூழலிலேயே வளர்கின்றனர்.

அங்கே ஒரு சிறுவனுக்குப் பேச்சு தாமதமாகிறது என்று வைத்துக் கொள்வோம். "மூன்று மொழி கேட்கிறான், குழம்பியிருக்கிறான்" என்று உற்றார் ஆறுதல் கூறுவர். பல மொழி கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. ஆட்டிசம் உடைய குழந்தை இரு மொழிச் சூழலில் வளர்வதால் அதன் பேச்சு மேலும் பின்தங்குவதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. தாய்மொழியை நிறுத்திவிட்டுப் பள்ளி மொழியில் மட்டுமே பேசுமாறு அத்தாயிடம் கூறினால், குழந்தைக்கும் அவருக்கும் இடையே இருந்த ஒரே பாலமும் அறுந்து போகும். முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. அடுத்தது வளர்ச்சி நிலைகளைப் பற்றிய மதிப்பீடு.

அச்சிறுவன் ஓயாமல் ஓடினால், "மலைப் பிள்ளை, ஓடியாடி வளரட்டும்" என்பர். ஓடுவது நன்றே. எனினும் சரிவும் பள்ளமும், காட்டெருமையும் யானையும் உலவும் நிலத்தில், இடர் உணராது வீட்டை விட்டு ஓடும் பிள்ளையின் ஓட்டம் பெற்றோர்க்கு உயிர்க் கவலை. ஆட்டிசத்தால் ஆபத்தை உணராமையும், ஏ.டி.எச்.டி.யால் நின்று எண்ணாமையும் ஒன்று சேரும்போது இக்கவலை இரு மடங்காகிறது. ஆதலின் அத்தகைய வீட்டிற்குக் கதவுத் தாழ்ப்பாளை உயரத்தில் அமைப்பதும், அக்கம்பக்கத்தார்க்குப் பிள்ளையின் இயல்பை முன்கூட்டியே சொல்லி வைப்பதும் முதற்கடமை.

மதிப்பீட்டிற்கு எங்கே செல்வது? 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் சென்று பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அவர்கள் தேட வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் இரண்டுமே இடம் பெற்றுள்ளன. ஐயம் எழும் குழந்தைகளை மாவட்ட அளவிலுள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்திற்கு அவர்கள் அனுப்புவர். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோரோ தாமே முன்வந்து செல்ல வேண்டும். நீலகிரியில் 2022ஆம் ஆண்டு சனவரியில் திறந்து வைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி உதகையில் உள்ளது. மனநலம் பற்றிய முதல் ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணில் இயங்கும் அரசின் தொலைபேசிச் சேவையும் உண்டு; அதில் தமிழில் பேசலாம்.

மலையூரிலிருந்து மருத்துவமனைக்குச் சென்று திரும்பினால் ஒரு நாள் கழிந்துவிடும். தோட்டத்தில் வேலை செய்வோர்க்கு அது ஒரு நாள் கூலி. அங்கே மருத்துவர் குழந்தையைக் காண்பது சில மணித்துளிகள்தாம். புதிய இடமாதலின் அன்று பார்த்து அப்பிள்ளை அமைதியாக அமர்ந்திருப்பதும் உண்டு. எனவே செல்லுமுன் இரு வாரக் காலம் ஒரு குறிப்பேடு எழுதுமாறு வேண்டுகிறோம். பெற்றோர் ஒரு பக்கம், வகுப்பாசிரியர் ஒரு பக்கம் எழுதலாம். என்ன நடந்தது, அதற்கு முன் என்ன, பின் என்ன, எவ்வளவு நேரம், உறக்கம் எப்படி, உணவு எப்படி என்பன போதும். இக்குறிப்பேட்டை மருத்துவரிடம் தந்து, "ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. இரண்டிற்கும் பார்த்துச் சொல்லுங்கள்" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். ஒன்று உண்டு என்று கூறினால், "மற்றதும் உண்டா?" என்று கேட்கத் தயங்கலாகாது.

வகுப்பறையிலும் இல்லத்திலும்

நாள்நிரலைப் படங்களாக வரைந்து சுவரில் ஒட்டுதல் ஆட்டிசத்திற்கு உதவும். பாடத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து இடையிடையே எழுந்து நடமாட விடுதல் ஏ.டி.எச்.டி.க்கு உதவும். இரண்டும் உடைய பிள்ளைக்கு, நடமாடும் வேளையே அந்நாள்நிரலில் ஒரு படமாக இடம் பெற வேண்டும். அப்போது வழக்கமும் காக்கப்படுகிறது. உடலின் தேவையும் நிறைவேறுகிறது.

நீலகிரியின் மழைக்காலத்தை எண்ணிப் பாருங்கள். மழையும் மூடுபனியும் சூழ்ந்து, விளையாட்டு வேளை நீக்கப்படுகிறது. மற்ற பிள்ளைகளுக்கு அது சிறு ஏமாற்றம். நாம் பேசும் பிள்ளைக்கோ ஒரே நொடியில் வழக்கமும் உடைகிறது, ஓடும் வாய்ப்பும் பறிபோகிறது. அன்று அப்பிள்ளை கத்தினால் அது ஒழுங்கீனம் ஆகுமோ? "மழை வந்தால் இது" என்று இன்னொரு படத்தை முன்பே ஆயத்தமாக வைத்திருக்கும் ஆசிரியர் அத்துன்பத்தைப் பெரும்பாலும் தவிர்த்து விடுவார். புத்தகக் கட்டை அடுத்த வகுப்பிற்குச் சுமந்து செல்லுதல், கரும்பலகையைத் துடைத்தல் முதலிய வேலைகள் உள்ளே இருந்தபடியே உடலுக்கு இயக்கம் தருவன.

ஒரு நேரத்தில் ஒரு கட்டளை மட்டும் சொல்லுதல், மாற்றத்தை முன்கூட்டி அறிவித்தல், இரைச்சல் மிகும்போது ஒதுங்க ஓர் அமைதியான மூலை தருதல், செய்த நற்செயலை உடனே பாராட்டுதல் ஆகியன செலவில்லா உதவிகள். விளையாட்டு வேளையைப் பறித்துத் தண்டிப்பது மட்டும் வேண்டா. அப்பிள்ளைக்கு அது மருந்தைப் பறிப்பதற்கு ஒப்பாகும். ஆலயத்திலும் சமயப் பாட வகுப்பிலும் கூட இப்பிள்ளைகளை முதல் வரிசையில் ஒரு மணி நேரம் அமர வைப்பதை விடுத்து, மலர்த்தட்டு ஏந்துதல் போன்ற சிறு பணி தந்து இடையே வெளியே சென்று வர விடலாம்.

மருந்தும் உணவும்

ஆட்டிசத்தின் அடிப்படை இயல்புகளை மாற்றும் மருந்து இல்லை. பயிற்சியும் சூழல் மாற்றமுமே வழி. ஏ.டி.எச்.டி.யின் கவனக் குறைவிற்கும் மிகை இயக்கத்திற்கும் பயன் தரும் மருந்துகள் உண்டு. இரண்டும் சேர்ந்த குழந்தைகளுக்கு அவை பயன்படுமா? ஆட்டிசமும் மிகை இயக்கமும் உடைய 72 குழந்தைகளுக்கு மெத்தில்பெனிடேட் என்னும் மருந்தைத் தந்து 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 49 விழுக்காட்டினர் பயன் பெற்றனர். 18 விழுக்காட்டினர் பக்க விளைவுகளால் மருந்தை நிறுத்த நேர்ந்தது. ஏ.டி.எச்.டி. மட்டும் உடைய குழந்தைகளோடு ஒப்பிட, பயன் சற்றுக் குறைவு, தொல்லை சற்று மிகுதி. எனவே சிறு அளவில் தொடங்கி, மருத்துவரின் கண்காணிப்பில் மெல்ல உயர்த்துவதே முறை. மருந்தை முற்றிலும் வெறுத்தலும் வேண்டா. தாமாகக் கூட்டுதலும் நிறுத்துதலும் வேண்டா.

இங்கே நம் குடும்பங்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. இம்மருந்து வேலை செய்யும் நேரத்தில் பசி குறையும். மாலையில் அதன் வேகம் தணிந்த பின்னரே பசி எழும். கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் இல்லங்களில், பகலில் உண்ணாத பிள்ளை மாலையிலும் உண்ணாது போக நேரிடும். ஆட்டிசத்தின் காரணமாகச் சில உணவுகளை மட்டுமே ஏற்கும் பிள்ளையானால் உடல் எடை விரைந்து குறையலாம். மருந்து தருமுன் காலையில் நிறைவான உணவு தருதல், பள்ளி விட்டு வந்ததும் சிற்றுண்டியாக அன்றி முழு உணவாகவே தருதல் ஆகியவற்றால் இதனைச் சரி செய்யலாம். நம் உணவு நேரத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறினால், மருந்து தரும் நேரத்தை அவர் அதற்கேற்ப அமைத்துத் தருவார். மாதந்தோறும் எடையைக் குறித்து வருதல் நன்று.

சட்டம் தரும் உரிமை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டுள்ளது. ஆட்டிசம் அவற்றுள் ஒன்று. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. ஏ.டி.எச்.டி. தனியே அப்பட்டியலில் இல்லை. இதனால் விளைவது யாது? இரண்டும் உடைய பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்று மட்டும் கூறி நிறுத்திவிட்டால், ஆட்டிசத்தின் பொருட்டு அப்பிள்ளைக்கு உரிய சான்றிதழ் கிடைக்காது. அதனோடு இணைந்த சலுகைகளும் கிடைக்கா. ஆட்டிசம் என்று மட்டும் கூறி நிறுத்திவிட்டால், சரி செய்யக்கூடிய கவனக் குறைவு கவனிப்பாரின்றிக் கிடக்கும். எந்தப் பக்கம் குறை வைத்தாலும் இழப்பு பிள்ளைக்கே.

ஆட்டிசத்தின் அளவை மதிப்பிட நம் நாட்டில் இசா என்னும் 40 வினாக்கள் கொண்ட அளவுகோல் வழங்குகிறது. 70க்கு மேல் மதிப்பெண் பெற்றால் ஆட்டிசம் எனக் கொள்வர். ஏ.டி.எச்.டி.யை அளப்பது இதன் வேலையன்று; அதற்குத் தனி மதிப்பீடு வேண்டும். 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய 6 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, தாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கல்வி பெறும் உரிமையை இச்சட்டம் தருகிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவோர் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றிற்கும் இதில் வழியுண்டு. மேலும், 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டுத் திட்டம், ஆட்டிசம் உடையோர்க்கு ஆண்டுக்கு 1 இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவிற்கு உதவுகிறது.

சான்றிதழ் பெற்றால் பிள்ளையின் எதிர்காலம், குறிப்பாகப் பெண்ணின் திருமணம், பாதிக்கப்படுமே என்று சிலர் அஞ்சி மறைக்கின்றனர். மறைப்பதால் நிலை மறைவதில்லை. உதவி மட்டுமே மறைகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கிய பின் ஓடுவதினும் ஆறாம் வயதில் அறிதல் ஆயிரம் மடங்கு நன்று.

குடும்பத்தில் கலந்துரையாடுவதற்கு

1. நம் இல்லத்திலோ உறவிலோ "குறும்பன்", "பிடிவாதக்காரி" என்று பெயர் பெற்ற பிள்ளை எவரேனும் உண்டா? அப்பெயர் எந்தச் செயலால் வந்தது? அச்செயலுக்கு முன் என்ன நிகழ்கிறது?

2. முன்பே ஒரு நிலை கண்டறியப்பட்ட பிள்ளை இருப்பின், மற்றதற்கும் மதிப்பீடு செய்தோமா? அறிக்கை எந்த ஆண்டினது?

3. அப்பிள்ளையின் தாயை நாம் குறை கூறியதுண்டா? இனி அவருக்கு வாரத்தில் ஒரு மணி நேரமேனும் ஓய்வு தர, நம்முள் யார் பிள்ளையைப் பார்த்துக் கொள்வது?

இம்மூன்றாம் வினாவை முதலில் எடுத்துக் கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறோம். மற்ற இரண்டிற்கும் நாள் பிடிக்கும். இதனை இந்த வாரமே தொடங்கலாம்.